நேராக விழுந்த ஓட்டைகள்

கலைக்கூடத்தில் அவரை எல்லோரும் பட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றியதும் சுவர்கள் அம்மை போட்ட முகம்போல் ஆணி ஓட்டைகளோடு நிற்கும். அவர் ஒவ்வொரு ஓட்டையிலும் பட்டி அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசுவார். அடுத்த கண்காட்சிக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரில் இதற்குமுன் எதுவுமே நடக்கவில்லை என்று நம்ப வேண்டும். ஒருவகையில் அவர் சரித்திரத்தை அழிக்கிறவர். அரசாங்கங்கள் பெரும் செலவில் செய்வதை அவர் பட்டி அப்பும் ஒரு தகட்டை வைத்துக்கொண்டு செய்தார்.

வேலை சுத்தம். வாய் அவ்வளவு சுத்தம் இல்லை. படம் மாட்டுகிற ஆட்களைக் கூப்பிட்டு, "எங்க அடைச்சேன்னு கண்டுபிடிங்கடா பார்க்கலாம். கண்டுபிடிச்சா மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை கடைசிவரை பத்திரமாக இருந்தது. புகழ்பெற்ற ஓர் ஓவியத்தின்முன் கூட்டம் முண்டியடித்த நாளில், அவர் அதன் ஓரமாகச் சுவரில் கன்னத்தை ஒட்டி, பூச்சு எங்காவது மேடு தட்டுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ரசிகர்போல என்று சொல்லி ஜனங்கள் வழிவிட்டார்கள்.

அவர் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தார், கடைசி அறையின் காவலாளியாக. அதற்குமுன் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றே புடவை விரித்துக் காட்டி, இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டவர். இங்கே அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். உட்காருவதற்குச் சம்பளம் தரும் இடமும் உலகத்தில் உண்டு என்பது அவருக்கு நடுத்தர வயதில் கிடைத்த ஞானம். ஆனால் வேலை இன்னும் தற்காலிகம்தான். இந்தக் கண்காட்சி குறையில்லாமல் திறந்துவிட்டால் நிரந்தரம் செய்வதாகக் கலைக்கூட இயக்குநர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மறுபடி துணிக்கடை.

கண்காட்சி ஒரு வெளியூர் ஓவியருடையது. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் படம் வரைவதை எப்போதோ விட்டுவிட்டார். ஓவியர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. திறப்புக்கு முந்தின நாள் காலை கடைசி அறைக்கு வந்து, வெறும் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு ஆணி அடித்தார். பிறகு ஏழையும் பிடுங்கிவிட்டுப் போனார். அதுதான் படைப்பு. தலைப்பு, 'அம்மா வீட்டுச் சுவர்'.

ஓட்டை என்பது ஒரு பொருளா, பொருள் இல்லாமையா என்று தத்துவத்தில் பழைய தகராறு ஒன்று உண்டு. இயக்குநர் அதற்குள் போகவில்லை. காவலுக்கு இருந்த பட்டிக்காரரின் மனைவியிடம், "இந்தச் சுவரை யாரும் தொடக்கூடாது, பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பட்டிக்காரரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பற்றிய கூட்டத்துக்குச் சுவர்க்காரரைக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை.

மதியம் அவர் வந்தார். புத்தம்புது ஓட்டைகளைப் பார்த்தார். படம் மாட்டுகிறவர்களின் பரம்பரையையே நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். மனைவி நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் வெள்ளை பூசி முடித்தபோதுதான் மனைவி நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"என்னங்க, அங்க ஓட்டை இருந்துச்சே."

"அடைச்சாச்சு. தேடிப் பாரு, கிடைக்காது."

"அதுதாங்க படம்."

"எதும்மா?"

"அந்த ஓட்டைதான். யாரும் தொடக்கூடாதுன்னு சார் சொல்லிட்டுப் போனாரு."

"அப்ப நான் வந்தப்பவே சொல்றதுக்கு என்ன?"

"யாரும்னுதானே சொன்னாரு. வீட்டு மனுஷன் அதுல சேர்த்தியான்னு எனக்குத் தோணவே இல்ல. தினம் அடைக்கிற ஆளு அடைக்கிறாருன்னு இருந்துட்டேன்."

ஓவியர் சாயங்காலம் கடைசியாக ஒருமுறை பார்க்க வருவார். பட்டிக்காரர் சுவரை உள்ளங்கையால் தடவினார், கன்னத்தை ஒட்டிப் பார்த்தார், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். ஓர் ஓட்டைகூட அகப்படவில்லை. தன் வேலைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது என்றாலும், அதை ரசிக்கும் நிலையில் அவர் இல்லை.

"புதுசா போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது" என்றார் மனைவி.

"எங்க இருந்துச்சு?"

"அங்கங்க இருந்துச்சு."

அங்கங்க என்பது பட்டிக்காரர் அறிந்த அளவு அல்ல. ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார், பென்சிலால் கோடு போட்டார், சம இடைவெளி விட்டு ஏழு ஆணி அடித்துப் பிடுங்கினார். நடுவில் ஒன்றை வேண்டுமென்றே கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. அதை அடைத்துவிட்டு வரிசையில் சேர்த்தார். பென்சில் கோட்டையும் அழித்தார்.

ஓவியர் வந்து சுவர்முன் நின்றார். பின்னால் நின்ற இயக்குநர் முந்திக்கொண்டார்.

"காலையில பார்த்ததைவிட இப்ப ஆழம் கூடியிருக்குங்க. இழப்புக்குள்ள ஒரு ஒழுங்கு..."

"இது நான் அடிச்சது இல்ல" என்றார் ஓவியர். "எங்கப்பா வாழ்நாள்ல ஒரு ஆணி நேரா அடிச்சதில்ல. அம்மா போனப்புறம் படத்தையெல்லாம் கழட்டினப்பதான் அந்தச் சுவரைப் பார்த்தேன். அவ்வளவு கோணல். இது ஏதோ பட்டாளத்துக்காரன் அடிச்ச மாதிரி இருக்கு."

இயக்குநர் ஒழுங்கைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. "யாரு உள்ள வந்தது?" என்று நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க" என்றார் மூலையில் நின்ற பட்டிக்காரர். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும் சார். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்று மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மறுபடி அடிக்கச் சொன்னதும் நான்தான்."

"அப்ப நாளையிலேர்ந்து இந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கறேன்."

"அதை அப்புறம் பேசுங்க" என்றார் ஓவியர். "முதல்ல ஓட்டையைப் பார்ப்போம். இவரு போட்டதை அடைச்சுடட்டும். காலையில நான் அடிச்சதும் சரியில்லதான். யோசிச்சு யோசிச்சுக் கோணலா அடிச்சேன். அது நடிப்பு." பிறகு பட்டிக்காரரின் மனைவியைப் பார்த்து, "உங்களுக்கு ஆணி அடிக்க வருமா?" என்று கேட்டார்.

"வீட்டுல சுத்தியலைத் தொட விட்டாத்தானேங்க."

"நீங்க அடிங்க. கோணலா வேண்டாம். முடிஞ்சவரைக்கும் நேரா அடிங்க."

பட்டிக்காரர் அடைத்துப் பூசும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு மனைவி சுத்தியலை வாங்கிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, புருஷன் செய்வதைப்போலவே அளந்து அளந்து அடித்தார். போகவிருந்த வேலையை நேர் செய்வதுபோல் அவ்வளவு சிரத்தை. முதலாவது உயரப் போனது. இரண்டாவது சரிந்தது. மூன்றாவதைச் சுற்றிப் பூச்சு ஒரு காசளவு பெயர்ந்து விழுந்தது. பட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏழாவதையும் அடித்து, எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டுப் பின்வாங்கிப் பார்த்த மனைவி, "ஓரளவுக்கு நேராத்தான் வந்திருக்கு" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். நேராக அடிப்பதாக நம்பி அடித்தால்தான் இப்படி ஒரு கோணல் வாய்க்கும். திட்டம் போட்டு வராது.

ஓவியர் பெயர்ந்த பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பா கைதான்" என்றார். வெளியே போகும்போது இயக்குநரிடம், "காட்சி முடியறவரைக்கும் இந்த அம்மாதான் இங்க இருக்கணும். இல்லன்னா இந்தச் சுவரை நீங்களே வெச்சுக்குங்க, என் பேரை எடுத்துடுங்க" என்றார்.

கண்காட்சி குறையில்லாமல் திறந்தது. வேலையை நிரந்தரம் செய்த ஆணை மறுவாரம் வந்தது. இயக்குநர் மலர்ந்த முகத்தோடு கையெழுத்துப் போட்டதாகத் தகவல் இல்லை. கண்காட்சி முடியும்வரை பட்டிக்காரர் கடைசி அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றும் வாய்மொழியாக உத்தரவு போட்டார்.

அதனால் மதியச் சாப்பாட்டு டப்பாவை அவர் வாசற்படியில் நின்றே நீட்டுவார்.

"அந்த மூணாவதை மட்டும் லேசா ஒரு தேய் தேய்ச்சா..."

"அங்கயே நில்லுங்க."

"எல்லாம் நீ அடிச்சது. வாசல் பலகையில அந்த ஓவியரம்மா பேர்தான் இருக்கு. உன் பேர் எங்கயாவது இருக்கா?"

"பேரை வெச்சு என்ன பண்றது" என்று மனைவி டப்பாவைத் திறந்தார். "அது மேல உட்கார்ந்துக்க முடியுமா?"