தாழ்மையுடன் என்று எழுத மறுத்தவர்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர் அவர். ஒல்லியான ஆள், ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் அடுத்ததை எழுதுவார். டில்லி பட்ஜெட்டிலிருந்து வந்த பணத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார ஒதுக்கியது எங்கே போனது என்று கேட்கப் போயிருந்தேன். தண்ணீரில்லாமல் இரண்டு போகம் கருகியிருந்தது.

“தாழ்மையுடன்னு ஆரம்பிங்க தம்பி,” என்றேன்.

“வேணாம் ஆத்தா. இப்பத் தகவல் உரிமைச் சட்டமே வந்திருச்சு. நீங்க கேட்டா அவுக கணக்கைக் காட்டியே ஆகணும்.”

“கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சுக்கிட்டே காட்டட்டும்.”

நானே கையெழுத்துப் போட்டேன். அந்நேரம் ஒரு அதிகாரியின் ஜீப் உள்ளே நுழைந்தது. மனு எழுதியவர் சட்டென்று எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மனுவுக்குப் பதில் வந்தது. அடுத்த கோடையில் கண்மாயில் மண்வெட்டியும் விழுந்தது. எனக்கு அம்புட்டுத் தைரியம் கொடுத்தவர் தமக்கென்று கொஞ்சம்கூட வைத்துக்கொள்ளாதது ஏன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.