லெட்டர் போடாமல் வந்த அக்கா

எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த மழைக்காலம் அது. என் மூத்த மகளுக்கு வந்து போய், சின்னவளுக்குத் தொற்றியிருந்தது. பெரியவளுக்கு மறுபடி வந்தால் மோசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன், சுரங்கத்தில் வேலை. பயப்படுவதற்கு அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது. காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொசுவை ஆராய தேசிய ஆய்வு நிலையத்திலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்களுக்கு ஒரே வழக்கம்தான். முந்தின நாளே பிளாக்கைக் கழுவி, பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டு, புகையும் அடித்தாயிற்று. குழாயில் தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று நான் எப்போதும் நிரப்பி வைத்திருக்கும் இரண்டு டிரம்மையும் கவிழ்த்துக் காய வைத்தேன்.

தொப்பியும் மாஸ்க்குமாக வந்த மேடம் வீடு வீடாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கொசுப்புழு இல்லை.

“இவ்ளோ காய்ச்சல், கொசு மட்டும் இல்லியா?”

“நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டோங்க,” என்றார் பக்கத்து வீட்டம்மா, பெருமையாக.

மேடம் பிளீச்சிங் கோட்டையே சற்று நேரம் பார்த்தார். “சொல்லாம ஒருநாள் வரணும்.”

“எப்பிடி மேடம்?” என்றேன். “ஜீப்புக்கு உத்தரவு வாங்கணும். உத்தரவு போட்டா இங்க லெட்டர் வரும். லெட்டர் வந்தா பிளீச்சிங் வரும்.”

“பஸ் இருக்கில்ல? உங்க வீடு எது?”

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மேடம் பண்ருட்டி பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் முந்திரிப் பொட்டலத்தோடு. மாஸ்க் இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. “எங்க அக்காங்க,” என்றாள் என் மனைவி, பக்கத்து வீட்டம்மாவிடம்.

அக்கா நேராகப் பின்பக்கம் போய், நான் மறுபடி நிரப்பி வைத்திருந்த டிரம்மில் டார்ச் அடித்தார். தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

“எங்க வூட்டுலேந்தா மேடம்?”

“உங்க வீட்லயும்தான். கொட்டிட்டு நல்லா தேய்ச்சு, மூடி வைங்க.” கொஞ்சம் புழுவைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். “கிருமி இருக்கான்னு பாத்துச் சொல்றோம்.”

“எப்ப தெரியும்?”

“லேபுக்கு டெஸ்ட் பண்ற மருந்து வந்ததும்.”

“அது எப்ப வரும்?”

“லெட்டர் போட்டிருக்கோம்.”

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, குழந்தைகள் இருவருக்கும் கொசுவலையைச் செருகினேன். பிறகு டிரம்மைக் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டம்மா பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என்னங்க தேச்சிகினு இருக்கீங்க? நாளைக்கு யாராச்சும் வராங்களா?”

“வந்துட்டுப் போயிட்டாங்க,” என்றேன்.