குருவிக்காகக் கூட்டாமல் விட்ட வளவு

போன கிழமை பக்கத்து வீட்டுக்குப் போய்க் குப்பை கேட்டேன்!

ஓம், குப்பைதான். காய்ந்த இலை. கையில் வெறும் சாக்கோடு போனேன்.

(வெட்கம் படலையைத் திறந்த பிறகுதான் வந்தது.)

எங்கள் செட்டிபாளையத்தில் ஒரு பொம்பளையின் மானம் முற்றத்தில் கிடக்கிறது. விடியமுன் கூட்டி, விளக்குமாற்றின் கோடு மணலில் வரி வரியாகத் தெரிய வேண்டும். என் முற்றத்தில் கால் வைக்கவே ஆட்கள் யோசிப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்குத்தான்.)

ஆனால் பின் வளவில், மாமரத்துக்குக் கீழே மட்டும், புரட்டாதியில் இருந்து பங்குனி வரை நான் விளக்குமாறு வைப்பதில்லை.

காரணம் ஒரு ஆறுமணிக்குருவி.

மாரிக்கு முன்னம் எங்கோ வடக்கில் இருந்து வரும். பச்சை முதுகு, மை பூசிய கண், கட்டை வால், வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. இலையைப் புரட்டிப் புழு தின்னும். விடியவும் பொழுதுபடவும் நின்று கூப்பிடும். பங்குனி வெயில் ஏறினால் வடக்குக்கே திரும்பிப் போய்விடும்.

இங்கே பின்னேரம் ஆறு மணி என்றால், கனடாவில் என் பேத்தி ஆரணி பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரம். குருவியின் சத்தத்தைக் கேட்கத்தான் அவள் ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுப்பாள். சப்பாத்துக் கட்டிக்கொண்டே கேட்பாள்.

போன வருசம் குருவி போனதும் கோல் சனிக்கிழமைக்கு மாறியது. பிறகு சனிக்கிழமையும் நீச்சல் வகுப்பு வந்தது. பிறகு, "அவள் பிஸி அம்மா" என்று மகள் சொன்னாள். புரட்டாதி வரும்வரை நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதனால் எனக்கு அந்த இலையெல்லாம் குப்பை இல்லை.

இது என் மச்சாளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரின் தங்கச்சி. சித்திரை வருசத்துக்கு எனக்கு உதவி செய்யப் பழுகாமத்தில் இருந்து ஓடத்தில் ஆறு கடந்து வந்தவ. நான் மீன் வாங்கப் போய் வருகிறேன், வளவெல்லாம் புகை! மாமரத்தடி இலையை எல்லாம் கூட்டி எரித்திருந்தா.

"பாருங்க மச்சாள், கண்ணாடி மாதிரி வச்சிரிக்கன்! வருசம் பிறக்கப் போகுது, இஞ்ச காடு மாதிரிக் கிடந்திச்சு. ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."

"ஐயோ மச்சாள்! அது குப்பை இல்ல, என்ட குருவிட சோத்துக் கோப்பை!"

"குருவிக்குச் சோத்துக் கோப்பையா? உங்களுக்கு என்னகா பிடிச்சிரிக்கு?"

அன்று பின்னேரம் குருவி வரவில்லை.

"அம்மம்மா, இன்னும் கூப்பிடல்லையே?"

"வரும் மனே, கொஞ்சம் பொறு."

"பஸ் வந்திட்டு. பாய்!"

கோல் முடிந்தது. மச்சாள் என் முகத்தைப் பார்த்தா. நான் கதையைச் சொன்னேன். அவ உள்ளே போய்ச் சாக்கை எடுத்து வந்தா.

அப்படித்தான் மறுநாள் பக்கத்து வீட்டுப் படலைக்குப் போனோம். அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அன்ரி, கறிவேப்பிலை கேப்பாங்க, பச்சமிளகாய் கேப்பாங்க. குப்பை கேட்டு ஆரும் வந்ததில்ல! சும்மா தரமாட்டன். வளவைக் கூட்டிப்போட்டு அள்ளிற்றுப் போங்க!"

கூட்டினேன்! மச்சாள் சாக்கைப் பிடித்தா. மாமரத்தடியில் பரப்பி, புழு வரட்டும் என்று அரிசி கழுவிய தண்ணீரும் தெளித்தோம். (விருந்துக்குக்கூட நான் இவ்வளவு பார்த்துப் பரிமாறியதில்லை.)

அடுத்த நாள் பின்னேரம் இலை சரசரத்தது. கட்டை வாலை ஆட்டிக்கொண்டு நின்று கூப்பிட்டது! போனுக்குள் ஆரணி துள்ளினாள். மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

அது சில நாள்தான். பங்குனி வெயில் யாருக்கும் நிற்காது.

முந்தாநாள் விடியவும் சத்தம் இல்லை, பொழுதுபடவும் இல்லை. ஆரணிக்குச் சொன்னேன்.

"போயிட்டு மனே. இனிப் புரட்டாதியிலதான்."

சப்பாத்தைக் கட்டி முடித்தாள். "ஓகே அம்மம்மா" என்றாள்.

அந்த 'ஓகே' எனக்குள் இன்னும் கிடக்கிறது.

நேற்று கோல் இல்லை.

இன்றும் ஆறு மணிக்கு மாமரத்தடியில் போய் இருந்தேன். பழக்கம். போன் மடியில். மச்சாள் விளக்குமாற்றோடு வந்தா.

"குருவிதான் போயிட்டே மச்சாள். இனிக் கூட்டட்டா?"

நான் வாய் திறக்கமுன் போன் அடித்தது!

"அம்மம்மா, பேசாம இருங்க! இண்டைக்கு நீங்க கேளுங்க!"

அவள் வீட்டுப் பின் வளவு. மூலையில் அழுக்காய்க் கொஞ்சம் பனி. மற்றதெல்லாம் பழைய இலை. அதற்குள் செங்கல் நிற நெஞ்சோடு ஒரு குருவி இலையைப் புரட்டுகிறது. பிறகு வேலியில் ஏறி நின்று பாடியது. எங்கள் குருவியின் குரல் இல்லை. ஆனாலும் கேட்டேன், முழுக்கக் கேட்டேன்.

"விண்டருக்குப் போனது அம்மம்மா. திரும்பி வந்திட்டு!"

"நல்லா இரிக்கு மனே. ஏன் உங்கட வளவு இப்பிடிக் குப்பையாக் கிடக்கு?"

"அம்மா கூட்ட வந்தா. நான் விடல்ல. அது சாப்பிடோணும்தானே?"

பின்னால் மகளின் குரல்: "உங்கட பேத்தி அம்மா! அயலாக்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பாக்கிறாங்க!"

மச்சாள் விளக்குமாற்றை மரத்தில் சாத்திவிட்டு என் பக்கத்தில் இருந்துவிட்டா.

"உங்கட புள்ளைட வளவும் கூட்டுப்படாதுபோல" என்றா.

பஸ் வந்தது. ஆரணி போனைத் தன் முகத்துக்குத் திருப்பி "பாய்!" என்றாள். படம் அணைந்தது. பேத்தியின் கன்னம் இருந்த இடத்தில் என் விரல் கண்ணாடியில் நின்றது.

வருசத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருபவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முன் முற்றம் கண்ணாடி மாதிரி இருக்கும். பின் வளவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது!

உங்கள் வளவில் ஆறுமணிக்குருவி இன்னும் நிற்கிறதா? நின்றால் பொழுதுபடும் நேரம் அதன் சத்தத்தைப் பிடித்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள்.

பேத்திக்கு இல்லை. எனக்கு.