பிளீச்சிங் போட்ட தண்ணீர்

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே கை கழுவுகிற ரகம். அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேளாண்மை அலுவலகத்திலிருந்து பாக்டீரியாவைப் பாக்கெட்டில் வாங்கி வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மண்ணுக்கு நல்லது செய்கிற பாக்டீரியாவாம். வேரை அழுக விடாதாம்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம். வேலை முடிந்ததும் அவளுக்குச் சிவகாசி வீடு கசந்துவிட்டது. சென்னையிலிருந்து மகன் வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். மாடியில் மூலிகை வளர்ப்பதுதான் அவளுக்கு இங்கே ஒரே பிடிப்பு. துளசியும் தூதுவளையுமோ நாலு இலை விட்டதும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. "இந்தத் தடவையும் போச்சுன்னா பையன்ட்ட போயிருவோம்" என்று சொல்லிவிட்டாள். காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் ஆயுசைக் கழித்தவன் நான். சென்னையில் மகன் வீட்டு எட்டாவது மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசா இது?

ஆகவே சமையலறைக் கழிவையும் வேப்பஞ்சருகையும் மட்கவைத்து, அந்த உரத்தில் பாக்டீரியாத் தூளைக் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்ததெல்லாம் நான்தான். அவள் மேற்பார்வை. உரம் நன்றாகத்தான் மணத்தது. நட்ட நாற்றுகளில் பாதி மறுபடியும் சாய்ந்தது.

ஒரு காலையில் அவள் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தா வாடை அடித்தது. பூவாளியிலிருந்துதான். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்துத் தேக்கி வைப்போம். மாநகராட்சி கலக்கிற குளோரின் போதாதென்று, தேக்கிய தண்ணீரில் தன் பங்குக்குப் பிளீச்சிங் பவுடர் போடாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"ஏம்மா, அதுகள உசுரோட கொண்டாந்து விட்டுட்டு, கொல்ற மருந்தையும் நீயே ஊத்துறியே" என்றேன்.

பூவாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து செடிக்குத் தனி டிரம். அதில் மழைத்தண்ணீர், இல்லையென்றால் பிளீச்சிங் போடாமல், இருக்கிற குளோரினும் போகட்டும் என்று வெயிலில் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர். புதிதாகத் தூள் கலந்து உரம் இட்டு மறுபடி நட்டோம். விடிந்ததும் மாடிக்கு ஓடி எட்டிப் பார்த்தது அவள் அல்ல, நான். இந்த முறை தண்டு நின்றது. துளசி கிளை விட்டது, தூதுவளை கம்பியைப் பற்றி ஏறியது. பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் பெண்கள் இருமலுக்கென்று இலை கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

போன ஞாயிறு நாங்கள் கோயிலில் பூசை முடிந்து வீடு வந்ததும் மகன் போன் செய்தான். எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டான். நான் காபியைக் குடிக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கன இம்புட்டு உசுர விட்டுட்டு நான் எங்கிட்டுய்யா வர? வேணும்னா உங்கப்பாவக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். என்னை அவள் அந்த உயிர்க் கணக்கில் சேர்க்கவில்லை என்பது காபி தீர்ந்த பிறகுதான் உறைத்தது.