வாய்க்காலில் வீசிய கல்

அந்தக் கல்லைச் சாலையில் விட்டுவைத்தவள் நான். ஒரு மனிதர் அதில் மோதி விழுந்த பின், அதைத் தூக்கி வாய்க்காலில் வீசியவளும் நானே. தவறு முழுவதும் அவருடையது என்று என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன்.

இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின!

நான் சமூகப் பணியில் முதுகலை படித்தவள். பூதலூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறது. சாலையில் நெல் உலர்த்துவதால் விபத்து நேர்கிறது, ஊருக்கு ஒரு பொதுக் களம் கட்டித் தாருங்கள் என்று மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

களம் வரவில்லை. குறுவை அறுவடை வந்தது. கூடவே மழையும் வந்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். கல்லணையிலிருந்து வரும் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பினோம். வண்டி ஏறாதிருக்க விளிம்பு நெடுகக் கற்களை வைத்தோம்.

அந்தக் கற்களுக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. மாலையில் நெல்லை அள்ளிய பிறகும் கல் கிடந்தால், அந்த இடம் மறுநாளும் அந்த வீட்டுக்கே உரியது. கல்லை எடுத்துவிட்டால் போயிற்று. காலையில் வேறொருவர் நெல் அங்கே கிடக்கும்.

பிற்பகலில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் எங்கள் நெல்லுக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் பெட்டிகள், படுக்கைச் சுருள். தலைக்கவசத்தைக் கழற்றியவருக்கு அறுபது வயதிருக்கும்.

“மக்களே, எதிர்ல ஒரு பஸ்சு வந்தா நான் பறந்துதான் போகணும்” என்று சிரித்தார்.

பெயர் எட்வின். நாகர்கோவில்காரர்; அங்கே தனி ஒருவரையும் ‘மக்களே’ என்றே அழைப்பார்களாம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குவாஹாட்டியில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்க வண்டியிலேயே புறப்பட்டிருந்தார். அன்று தஞ்சாவூரில் தங்கல், மறுநாள் வேளாங்கண்ணி, பிறகு கடற்கரையோரமாகவே வடக்கே. இடையில் கல்லணையைப் பார்த்துவிட்டு, மாலையில் இதே வழியாகத் தஞ்சாவூர் திரும்ப எண்ணி இந்தப் பக்கம் வந்திருந்தார்.

“ரயில்ல போகலாம்ல சார்?” என்றேன்.

“முப்பது வருசம் அடுத்தவன் ஓட்டுறதுக்கு வண்டி சரி பண்ணிக் குடுத்தாச்சு. ஒருக்கா நான் ஓட்டிப் பாக்காண்டாமா?”

அம்மா செம்பில் தண்ணீரை நீட்டினாள். “பேத்தியப் பாக்க இம்புட்டுத் தூரம் பைக்குலயா! உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லிட்டேதான் இருக்கா. அது காதுல கேக்கப்படாதுன்னுதான் இந்த ஹெல்மெட்டு!”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். புறப்படும்போது அவர் தம் காலணி நுனியால் ஒரு கல்லைத் தட்டினார். கற்களில் அதுவே பெரியது. பழைய மதகை இடித்தபோது கிடைத்த கருங்கல். ஒரு பக்கத்தில் உளி குடைந்த குழி.

“நெல்லை அள்ளும்போ இதையும் எடுத்திருங்க மக்களே. பொழுது சாஞ்சா கல்லும் ரோடும் ஒரே நிறம்.”

“கண்டிப்பா சார்” என்றேன்.

ஆம், வாக்குக் கொடுத்தேன்! இந்த வழியாகத்தான் திரும்பி வருவார் என்றும் அறிந்திருந்தேன்...

மாலையில் மேற்கே வானம் கறுத்தது. பதறி அடித்து நெல்லைக் குவித்து, தார்ப்பாயால் மூடினோம். அப்பா, “கல்லையெல்லாம் ஓரமாப் போட்டுடும்மா” என்றார்.

“எடுத்தா நாளைக்கு கோவிந்தராசு வீட்டு ஆளுங்க வந்து கொட்டிடுவாங்கப்பா. இன்னும் ஒரு வெயில் காஞ்சாப் போதும். கெடக்கட்டும்.”

அப்பா கூடைகளை எடுத்து அடுக்கப் போனார். படித்த மகள் சொன்னால் அவர் மறுத்துப் பேசுவதில்லை.

தூறல் தொடங்கியது. கல்லணைப் பக்கமிருந்து ஒற்றை விளக்கு மெதுவாக வந்தது. கவனியுங்கள்... மெதுவாக! தார்ப்பாயின் முனையைக் கட்டிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். கத்தியிருக்கலாம். கையை அசைத்திருக்கலாம். ஒதுங்கிப் போய்விடுவார் என்று எண்ணினேனா? அல்லது, எதையுமே எண்ணவில்லையா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கு மட்டும் ஒருமுறை வானத்தைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது.

இப்போது சொல்லப்போவதே என் உண்மையான குற்றம். நான் முதலில் ஓடியது அவரிடம் அல்ல. கல்லிடம்! அதன் முனையில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. இரு கைகளாலும் தூக்கிச் சென்று வாய்க்காலில் போட்டேன். அதன் பிறகே அவரிடம் சென்றேன். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. துண்டால் கட்டினேன், தலையை மடியில் வைத்துக்கொண்டேன், ஆம்புலன்சில் கூடவே போனேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மற்றக் கற்களை அதற்குள் அப்பா புல்லுக்குள் உருட்டிவிட்டிருந்தார்.

“என்ன பாத்தியோ அதை நீயே எழுதிக் குடும்மா. படிச்ச பொண்ணுதானே” என்றார் விசாரிக்க வந்த காவலர்.

எழுதினேன். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, தானாகவே நிலைதடுமாறி விழுந்தார்.’ ஒரு பிழை இல்லை, ஓர் அடித்தல் இல்லை! மனு எழுதிய அதே கை.

மறுநாள் மருத்துவமனையில் அவர் கண் விழித்தார். எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததும், கல்லணையைப் பார்த்ததும் அவர் நினைவில் இருந்தன; விழுந்தது நினைவில் இல்லை.

“நான் வேகமா வந்தேனா மக்களே?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றேன்.

“அப்ப தப்பு நம்ம மேலதான்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய மனைவி வேன் வைத்து அழைத்துச் சென்றார். வேளாங்கண்ணியைக்கூட அவர் எட்டவில்லை. அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. நீதிமன்றத்தில், செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். வண்டியை விற்றுவிட்டார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைத் தொலைபேசியில் அழைப்பார். தாத்தா ஏன் காலை நீட்டியே உட்கார்ந்திருக்கிறார் என்று பேத்தி கேட்கிறாளாம். “தாத்தா ரொம்ப வேகமாப் போயிட்டேன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்” என்று சிரித்தார். அந்தக் குழந்தையின் வாயிலும் என் பொய்யைப் போட்டுவிட்டேன்...

அடுத்த மாதம் காரில் வேளாங்கண்ணிக்கு வருகிறாராம். வழியில் எங்கள் வீட்டுக்கும் வந்து, காப்பாற்றிய பெண்ணைப் பேத்திக்குக் காட்டவேண்டுமாம். “வாங்க சார்” என்று சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவும் ஒரு தப்பித்தல்தானோ? நீங்கள் என்னை மன்னித்து என்ன ஆகப்போகிறது? கால் உங்களுடையது அல்லவே!

இந்த ஆண்டு வாய்க்காலைத் தூர் வாரினார்கள். இயந்திரம் அள்ளிய சேறு கரை நெடுகக் கிடந்தது. இன்று மாலை நெல்லை அள்ளச் சென்றபோது, சாலை விளிம்பில் அதைக் கண்டேன். சாயம் போயிருந்தது. உளி குடைந்த குழி அப்படியே இருந்தது.

“கரையில கெடந்துச்சுடி, நல்ல கல்லு” என்றாள் அம்மா.

குனிந்து தூக்கினேன்.

“அதை ஏன்டி எடுக்குற? எடம் போயிடும்!”

“மத்ததெல்லாம் இருக்குல்லம்மா” என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். நான் எடுத்தது அந்த ஒரு கல்லை மட்டுமே. மற்றவை சாலையில்தான் கிடக்கின்றன. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. கல்லணைப் பக்கமிருந்து ஏதோ ஒரு வண்டி வரும் ஒலி கேட்கிறது...

நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.