மணி அடித்தால் கோயிலுக்கு

கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து மலையில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்று புதைந்துபோனதும் அரசாங்கக் கச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. ஆபத்து வந்தால் எங்கே போவது, யார் யாரைக் கூட்டிப்போவது என்று ஒவ்வொரு தோட்டமும் முடிவுசெய்து பழகிப் பார்க்க வேண்டுமாம். அதிகாரிகளுக்கு வேறு வேலையில்லை என்று சிரித்தோம். அதை மெய்யாக எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான். பகலில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா.

என்னைவிட இளையவள், ஒல்லி, வாய் மட்டும் ரொம்பப் பெரிசு. தோட்டத்துத் துரையை நச்சரித்தே பழகிப் பார்க்க ஒரு நாள் வாங்கிவிட்டாள். தேயிலை ஸ்டோர் மணியை விடாமல் அடித்தால் எல்லோரும் மேலே பாறையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். மணி அடித்தது. எங்களுக்கு மணி என்றால் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுதானே? கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாகப் பெரட்டுக்களத்தில் போய் வரிசையாக நின்றோம். கங்காணியும் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். களத்துக்கு நேர் மேலேதான், போன மழையில் வெடிப்பு விட்டிருந்த எங்கள் மலை. ஆயா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாகறதுக்குக்கூட வரிசையில நிப்பீங்களா?"

அடுத்த முறை தாய்மார் எல்லோரும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினோம். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"புள்ளைங்கள நான் கொண்டாந்துருவேன். லயத்துல இருக்கிற வயசானவங்க, சீக்காளிங்கள கங்காணி பாத்துக்குவாரு. ஆளாளுக்குத் தன் புள்ளையத் தேடி ஓடினா இந்த ஒத்தையடிப் பாதையில எல்லாருமே மாட்டிக்குவோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பெத்தவளத் தடுக்க நீ யாருடி?" என்று கத்தினேன்.

"திட்டுங்கக்கா. திட்டிக்கிட்டே மேல போங்க."

அதன்பிறகு பிள்ளைகளுக்கு அதை விளையாட்டாக்கினாள். நீளக் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முதல் முடிச்சு அவளுடைய மகனுக்கு. பிள்ளைக்காம்பராவில் இருந்த கைக்குழந்தையைக் கொழுந்துக்கூடையில் வைத்து முதுகில் மாட்டிக்கொள்வாள். வீட்டில் என் மகள் என் முந்தானையில் முடிச்சுப் போட்டு என்னை இழுத்துக்கொண்டு திரிவாள்.

அந்த வருஷ மழை விடவே இல்லை. ஒரு முற்பகலில், மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது மணி விடாமல் அடித்தது. என் கால்கள் தாமாகப் பிள்ளைக்காம்பரா பக்கம் திரும்பின. "திட்டிக்கிட்டே மேல போங்க" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே மேலே ஏறினேன். பாதி வழியில் கீழே பெரிய சத்தம். பிள்ளைக்காம்பராவுக்குப் போகிற பாதை இருந்த இடத்தில் செம்மண் இறங்கிக்கொண்டிருந்தது. நான் போயிருந்தால் அதற்குள்தான்.

கோயிலில் பிள்ளைகள் எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்தும் முடிச்சை விடவில்லை. அவளை அள்ளிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். முதல் முடிச்சில் யாரும் இல்லை.

"உன் மகன் எங்கடி?"

"காய்ச்சல்க்கா. லயத்துல படுத்திருக்கான்." முதுகில் குழந்தை இருந்த கூடையை இறக்காமல் கீழே பார்த்தபடியே நின்றாள்.

"போய்த் தூக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"உங்கள எல்லாம் தடுத்துட்டு நான் மட்டும் ஓடுறதா? கங்காணி கொண்டாருவாரு. அப்படித்தான பேச்சு."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மழைக்குள் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசியாகக் கங்காணி. முதுகில் கம்பளிக்குள் சுருண்டபடி அவளுடைய மகன்.

கங்காணி பையனைக் கீழே இறக்கினார். அவன் தள்ளாடி நடந்துபோய் முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகுதான் அவள் கூடையை இறக்கினாள்.