முருகன் பிடித்துக் கொடுத்த குளியல் படம்

முருகனடியார்களுக்கு இலஞ்சியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகன் கதிருக்கு மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தென்காசியில் குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். இந்த வயதை விட்டுவிடாதீர்கள், தினமும் பல மணி நேரம் பயிற்சி வேண்டும் என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ராணுவத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனில் அழுதார்.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "மதினி, குத்தாலத்துல கொண்டுபோய் தலையைக் காட்டுங்க, எல்லாம் தெளிஞ்சிரும்" என்றாள் நாத்தனார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்ற தன் மகனை அவள் ஏன் அருவியில் நிறுத்தவில்லை என்று நான் கேட்கவில்லை.

அரசாங்கப் பயிற்சி மையத்தில் சேர்த்தேன். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். அதிலும் பாதியில் பயிற்சி தரும் பெண்ணை அலுவலக வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் பொறுப்பு அதிகாரி நாற்காலியில் சாய்ந்தபடி, "தீவிரப் பயிற்சியெல்லாம் ஃபுல்லா நடக்குதும்மா. ஒங்களுக்குத்தான் வெளங்கல" என்பார். தலையில் சாயம், நெற்றியில் விபூதிப் பட்டை, வாயில் பொய்.

ஆனிக் கார்த்திகையன்று இலஞ்சிக் குமரன் முன்னால் நின்றேன். "அப்பனே, பிள்ளை பேசுவது உன் சித்தம். இந்த ஆளின் பொய்யை மட்டும் என் கையில் பிடித்துக் கொடு" என்று வேண்டினேன். பக்தைக்கு அழகான வேண்டுதல் இல்லைதான். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஆடி முடிந்ததும், என் மகனுக்குத் தந்த பயிற்சி நேரங்களின் பதிவு வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "இதை வச்சு என்னம்மா செய்யப் போறீய?" என்று குமாஸ்தா சிரித்தார். கெடு முடிந்தும் பதில் இல்லை. மேல்முறையீடு செய்த பிறகுதான் கவர் வந்தது. கதிருக்குத் தினமும் தீவிரப் பயிற்சி நடந்ததாம். ஆடியில் ஒரு முழு நாள் நீர் சிகிச்சை வேறு நடந்ததாம்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாரல் சமயம். பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்று வேனில் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் கூடப் போனேன். கூட்டமாக இருக்கிறது என்று பிள்ளைகளை வேனிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கதிர் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதான். அதிகாரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் நின்றார். சிகிச்சை நடந்தது அவருக்குத்தான். அதிலும் குணமில்லை.

ஆனால் இதை நான் எப்படி நிரூபிப்பது? இருந்தாலும் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். விசாரணை நாளில் மைய வராந்தாவில் உட்கார்ந்து முருகா முருகா என்றிருந்தேன். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் மையத்தின் சாதனைப் படங்கள். நடுவில் அந்த நாள். குளித்த ஊழியர்கள் துண்டோடு வேன் முன்னால் நிற்கிறார்கள், ஈரத் தொந்தியோடு அதிகாரி சிரிக்கிறார். பின்னால் வேன் ஜன்னலில் அழுகிற என் பிள்ளை. அவர்களே எடுத்து, அவர்களே சட்டம் போட்டு மாட்டியது.

கழற்றிக் கொண்டுபோய் விசாரித்த மேலதிகாரி அம்மாவின் மேஜையில் வைத்தேன். "இதுதான் மேடம் நீர் சிகிச்சை. பிள்ளை உள்ள இருக்கான், சார் வெளிய குளிச்சிட்டு நிக்காங்க" என்றேன். அதிகாரி வியர்வையைத் துடைத்ததில் விபூதியும் போய்விட்டது.

பயிற்சி தரும் பெண்ணை அலுவலக வேலையிலிருந்து விடுவித்து உத்தரவு வந்தது. இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் காலை முழுவதும் பயிற்சி. அதிகாரி கோயிலுக்கு வருகிறார். பட்டை முன்னைவிடப் பெரிது.

அடியார்களே, மனதில் இருப்பதை அவனிடம் அப்படியே கொட்டுங்கள், அவன் முகம் சுளிக்க மாட்டான். கூடவே மனுவையும் போடுங்கள்.

கதிர் இன்னும் பேசவில்லை. ஆனால் போன கார்த்திகைக்குச் சந்நிதியில் தீபாராதனை காட்டும்போது, அவன் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். என் கண்ணைப் பார்த்தான். நன்றி சொல்லப் போனவள் அன்று முருகனைப் பார்க்கவே இல்லை.